புரட்டிப் பார்க்கிற கை

படுத்த படுக்கையாகக் கிடக்கிறவரைச் சரியாகப் பார்த்துக்கொள்கிறார்களா என்று தெரிய வேண்டுமென்றால், முகத்தைப் பார்த்துப் பிரயோசனமில்லை. யாரோ வருகிறார்கள் என்றால் முகம் துடைத்து, தலை சீவி, நெற்றியில் விபூதி வைத்துச் சாய்த்து உட்கார வைத்துவிடலாம். குதிகாலைப் பார்க்க வேண்டும். முதுகெலும்பு முடிகிற இடத்தைப் பார்க்க வேண்டும். பின்மண்டை, இடுப்பெலும்பு துருத்திக்கொண்டிருக்கும் பக்கவாட்டு, ஒருக்களித்தே படுப்பவர் என்றால் காதுமடல். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் காஞ்சிபுரம் பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவிலேயே குடியிருந்த சிஸ்டரம்மா. அரசு ஆஸ்பத்திரியில் காலமெல்லாம் செவிலியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள்.

அப்பா தறிக்குழியில் உட்கார்ந்தபடியே சரிந்தவர். மூன்று நாடா ஓடுகிற கோர்வைச் சேலை அது. வலது பக்கத்துக் கரைக்கு நாடா தள்ள ஒரு பையன் அருகே உட்கார்ந்திருந்தான். இந்தப் பக்கத்திலிருந்து நாடா வரவில்லையே என்று நிமிர்ந்து பார்த்திருக்கிறான். அப்பாவின் கை பண்ணையின் மேலேயே இருந்ததாம், வாய் மட்டும் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டு. வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பும்போது, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார்கள். அந்த ஒரு வார்த்தைக்குள் எவ்வளவு வேலை இருக்கிறது என்று சொன்னவர் யாருமில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பது, விழுங்க முடியாத வாய்க்குப் புரையேறாமல் ஸ்பூனில் ஊட்டுவது, சர்க்கரைக்கு ஊசி, பி.பி. மாத்திரை, மரத்துப் போன கைவிரல்கள் மடங்கி இறுகிவிடாமல் நீவி விடுவது. இத்தனையும் பகலில் முடிந்துவிடுவதில்லை, ராத்திரி பூராவும் தொடரும்.

எங்கள் வீடு நெசவாளர் வீடு. முன்கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டுவிடும். தறியைப் பிரிக்க அண்ணனுக்கு மனசு வரவில்லை. பாதி நெய்த பாவு அப்படியே நிற்க, அதன் பக்கத்திலேயே கட்டிலைப் போட்டார்கள். அண்ணியும் தறிக்காரிதான். இரண்டு பேரும் நெய்தால்தான் அடுப்பு எரியும். நான் தாம்பரத்திலிருந்து ரயிலில் வந்து போய்க்கொண்டிருந்தேன். ஆள் வைத்துத்தான் ஆக வேண்டும் என்று ஆனபோது, ஆஸ்பத்திரி வாசலில் யாரோ கொடுத்த சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்து அண்ணன் போன் போட்டார். சென்னையில் இருக்கும் ஒரு ஏஜென்சி. டிரெயினிங் எடுத்த ஸ்டாஃப், இருபத்து நாலு மணி நேரமும் கூடவே தங்கிப் பார்ப்பார் என்றார்கள். ஒரு மாத அட்வான்ஸ், தனியாக கமிஷன். மறுநாள் ஒரு பையோடு செய்யாறு பக்கத்திலிருந்து ஒரு அம்மா வந்து இறங்கினார். நாற்பத்தைந்து வயசிருக்கும். வெள்ளைக் கோட்டு மாட்டியிருந்தார். எங்கள் எல்லோருக்கும் அந்தக் கோட்டைப் பார்த்தவுடனேயே பாதி பாரம் இறங்கிவிட்டது.

செவிலியர் என்றால் ஏ.என்.எம். இரண்டு வருஷம், டிப்ளமா என்றால் மூன்று வருஷம், பி.எஸ்ஸி. என்றால் நாலு வருஷம் படித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் கவுன்சிலில் பதிவு செய்து எண் வாங்கியிருக்க வேண்டும். 1926-ஆம் வருஷத்திய சென்னை மாகாணச் சட்டத்திலிருந்து தொடர்ந்து வருகிற ஏற்பாடு அது. அந்த எண்ணைக் கேட்டால் ஒரு நிமிஷ வேலை. செய்யாற்று அம்மா அப்படிப் படித்தவரல்ல. அதில் ஒரு தப்பும் இல்லை. புரட்ட, குளிப்பாட்ட, ஊட்ட, பக்கத்தில் இருக்க, நல்ல மனசும் பழக்கமும் உள்ள உதவியாளர் போதும். அந்த வேலைக்கென்று சில மாதப் பயிற்சிகளும் இருக்கின்றன. ஆனால் இன்சுலின் எத்தனை யூனிட் என்று ஊசியில் இழுக்கவும், மூக்குக் குழாயில் கஞ்சி ஊற்றவும் யாரும் கற்றுத் தராமலே ஒருவரை வீட்டுக்குள் அனுப்பிவிட்டு, அவர் எல்லாம் தெரிந்தவர் என்று குடும்பத்தை நம்பவைப்பது குற்றம் என்றே நான் நினைக்கிறேன். பாதிக்கப்படுவது கட்டிலில் கிடப்பவர் மட்டுமில்லை. தெரியாத வேலையைத் தெரிந்த மாதிரி செய்ய வேண்டியிருக்கிற அந்த அம்மாவும்தான்.

சில வாரம் எல்லாம் நன்றாகத்தான் போனது. வீடு சுத்தமாக இருந்தது. அப்பாவின் சட்டை வெள்ளையாக இருந்தது. ஆனால் ஆள் மந்தமாகிக்கொண்டே வந்தார். கூப்பிட்டால் கண் திறக்க நேரமாயிற்று. வயசு, நோய் அப்படித்தான் என்று வந்தவர்களெல்லாம் சொன்னார்கள்.

சிஸ்டரம்மா ஒருநாள் சாயங்காலம் தானாகவே வந்தார். நல்லா இருக்காரா என்று கேட்கவில்லை. கையைக் கழுவிக்கொண்டு நேராகக் கட்டிலுக்குப் போனார். அப்பாவின் காலை ஒவ்வொன்றாகத் தூக்கிக் குதிகாலைப் பார்த்தார். பின்பு இடுப்புக்குக் கீழே கையை விட்டு, புறங்கையை வைத்துப் பார்த்தார். புத்தகத்தில் முதலில் சிவக்கும் என்று போட்டிருக்கும் கண்ணு, நம்ம நிறத்துக்குச் சிவப்பு எங்கே தெரியும், சுடுதா, கெட்டிப்பட்டிருக்கா, மெத்து மெத்துன்னு இருக்கான்னு தொட்டுத்தான் பார்க்கணும் என்றார். லேசாகக் கருத்திருந்த இடத்தை ஒரு விரலால் அழுத்தி விட்டுக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். தோல் கிழியவில்லை. ஆனால் புறங்கைக்குச் சூடு தெரிந்தது. படுக்கைப் புண் வெளியே திறப்பதற்கு முன் உள்ளே தொடங்கிவிடும் என்று அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.

அடுத்து அப்பாவை நாக்கை நீட்டச் சொன்னார். சொன்னது அவருக்குப் புரிந்தது, பாதி நீட்டினார். நாக்கு வறண்டு கோடு கோடாக இருந்தது. நெஞ்செலும்பின் மேலே தோலைக் கிள்ளி விட்டார், அது மெதுவாகத்தான் படிந்தது. வயசானவர்களுக்குக் கையில் கிள்ளிப் பார்த்தால் ஏமாந்து போவோம், நெஞ்சிலோ நெற்றியிலோ பார்க்கணும் என்றார். பிறகு யாரும் எதிர்பாராததைச் செய்தார். பின்கட்டுக்குப் போய்க் குப்பைக் கூடையைத் திறந்து, சுருட்டிப் போட்டிருந்த டயப்பரை எடுத்துக் கையில் ஏந்தி எடை பார்த்தார். பிரித்தார். ராத்திரி முழுக்கக் கட்டியிருந்த டயப்பர் அது. நிறம் கருமஞ்சளாக, கொஞ்சமே கொஞ்சம் நனைந்திருந்தது.

மாத்திரை டப்பாவைக் கொட்டினார். மெடிக்கல் பில்லில் இருந்த தேதியையும் அட்டையில் மிச்சமிருந்த மாத்திரையையும் எண்ணிக் கணக்குப் போட்டார். கணக்கு சரியாக வந்தது. இன்சுலின் குப்பி பிரிட்ஜின் கதவுப் பக்கம் இருந்தது, ஃப்ரீசரில் இல்லை. அதற்கு செய்யாற்று அம்மாவைப் பார்த்து நல்லா வச்சிருக்கே என்றார். நகம் வெட்டியிருந்தது. வாயில் சோற்றுப்பருக்கை தங்கவில்லை. அதற்கும் நல்ல வார்த்தை சொன்னார்.

பிறகு எங்களையெல்லாம் வெளியே போகச் சொல்லிவிட்டு அப்பாவோடு தனியாக இருந்தார். பேச்சில்லாத மனுஷரிடம் என்ன கேட்பார் என்று திண்ணையில் உட்கார்ந்து யோசித்தேன். ஆமாம் என்றால் என் விரலை அழுத்துங்க, இல்லைன்னா விட்டுடுங்க என்று இடது கையைப் பிடித்துக்கொண்டு கேட்டாராம். வலிக்குதா, பசிக்குதா, யாராவது அதட்டுறாங்களா, தண்ணி வேணுமா. கடைசிக் கேள்விக்கு அப்பா விரலை விடவேயில்லை.

செய்யாற்று அம்மாவைப் பின்கட்டுக்கு அழைத்துப் போய், ஏம்மா ராத்திரி எங்க படுக்கறே, எத்தனை தடவை எழுந்திருக்கறே என்று கேட்டார். அந்த அம்மா அழுதுவிட்டார். பகலெல்லாம் வேலை. ராத்திரி இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து, கனத்த உடம்பைத் தனியாளாகப் புரட்ட வேண்டும். கட்டிலுக்கும் தறிக்கும் நடுவில் பாய் விரித்துப் படுத்திருந்தார். வந்த நாளிலிருந்து ஒரு ராத்திரிகூடத் தொடர்ந்து தூங்கவில்லை. மதியத்துக்கு மேல் தண்ணீர் கொடுத்தால் ராத்திரி டயப்பர் மாற்ற வேண்டும், படுக்கை நனைந்தால் தனியாகத் தூக்கித் துணி மாற்ற வேண்டும். அதனால் சாயங்காலம் நாலு மணியிலிருந்து மறுநாள் காலை வரைக்கும் நிறுத்தியிருக்கிறார். வேண்டுமென்று செய்த கொடுமை இல்லை. முடியாமல் போனவர் கண்டுபிடித்த வழி. ஆனால் கட்டிலில் கிடந்தவருக்கு அது நாளுக்குப் பதினாறு மணி நேரத் தாகம்.

அண்ணனுக்குக் கோபம் தலைக்கேறியது. உடனே ஆளை மாற்றச் சொல்லி ஏஜென்சிக்குப் போன் போடப் போனார். சிஸ்டரம்மா தடுத்தார். அடுத்து வர்றவளும் இதைத்தான் செய்வா தம்பி, ஒரு ஆளு இருபத்து நாலு மணி நேரமும் முழிச்சிருக்க முடியாதில்ல என்றார்.

சிஸ்டரம்மா அப்பாவைப் புரட்டிப் பார்த்ததில் எனக்குச் சேலைச் சோதனை ஞாபகம் வந்தது. சேலை அறுத்த அன்றைக்கு அப்பாவோடு நெசவாளர் கூட்டுறவு சொசைட்டிக்குப் போயிருக்கிறேன், சின்னப் பெண்ணாக. கவுண்டரில் சேலையைப் பிரித்து மேஜை மேல் ஓட விடுவார்கள். அளப்பார்கள், நிறுப்பார்கள். அப்புறம்தான் நிஜமான சோதனை. சேலையைப் புரட்டி உள்பக்கம் பார்ப்பார்கள். முன்பக்கம் எந்தச் சேலையும் அழகுதான். இழை அறுந்ததை எங்கே முடிச்சுப் போட்டிருக்கிறது, கோர்வை எங்கே விட்டிருக்கிறது என்பதெல்லாம் உள்பக்கத்தில்தான் தெரியும். குறை இருந்தால் கூலியில் பிடிப்பார்கள். அப்பா அந்த மேஜையருகே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், பயத்தோடு. இந்த ஊரில் பட்டுக்கு எத்தனை கண். ஜரிகையில் வெள்ளி எவ்வளவு தங்கம் எவ்வளவு என்று காட்ட மெஷின் இருக்கிறது. பட்டு சுத்தமானதா என்று சொல்ல 2004-லிருந்து சில்க் மார்க். புவிசார் குறியீடு 2005-06-ல் வந்துவிட்டது. கைத்தறிக்கு ஒதுக்கிய 11 ரகங்களை விசைத்தறியில் நெய்கிறார்களா என்று பார்க்க 1985-ஆம் வருஷச் சட்டமும் அதற்கென்றே அமலாக்க அதிகாரிகளும். எல்லாம் வேண்டியதுதான், அந்த மேற்பார்வை இல்லாவிட்டால் எங்கள் தெருவில் தறிச் சத்தமே நின்றிருக்கும். அந்தச் சேலையை நாற்பது வருஷம் நெய்து கொடுத்தவரின் முதுகைப் புரட்டிப் பார்க்கத்தான் அன்றைக்குச் சர்க்காரில் ஒரு ஆள் இல்லை. பக்கத்து வீட்டு சிஸ்டரம்மா தானாக வந்தால் உண்டு.

சித்தி பெண் ஒருத்தி இங்கிலாந்தில் இந்த வேலைதான் செய்கிறாள். வீடு வீடாகப் போய் முதியவர்களைக் குளிப்பாட்டி, மருந்து கொடுத்து, சாப்பாடு சூடு பண்ணி வைத்துவிட்டு அடுத்த வீட்டுக்கு ஓடுகிறவள். அப்பா விஷயத்தைச் சொன்னபோது, அங்கே எப்படிப் பார்க்கிறார்கள் என்று போனில் விளக்கினாள். 2009-லிருந்து பராமரிப்புத் தர ஆணையம் என்று ஒன்று. வீட்டுக்கு ஆள் அனுப்புகிற எந்த நிறுவனமும் அதில் பதிவு செய்யாமல் நடத்த முடியாது. ஐந்து விஷயம் பார்ப்பார்கள். பாதுகாப்பாக இருக்கிறதா, பலன் இருக்கிறதா, பரிவோடு நடத்துகிறார்களா, அவரவர் தேவைக்குத் தக்கபடி செய்கிறார்களா, நிர்வாகம் ஒழுங்கா. பார்த்துவிட்டு நாலு தரத்தில் ஒன்றைக் கொடுத்து, யார் வேண்டுமானாலும் படிக்கும்படி அறிக்கையை வெளியிடுவார்கள். ஆள் எடுக்கும்போது போலீஸ் சரிபார்ப்பு நடந்ததா என்று கோப்பைக் கேட்பார்கள். மருந்துச் சீட்டில் கையெழுத்தில்லாத கட்டம் இருந்தால் அந்த வேளை மருந்து கொடுக்கவில்லை என்றுதான் கணக்கு என்றாள். முதியவர்களுக்கே போன் போட்டுப் பேசுவார்கள், அவர்கள் சம்மதித்தால் வீட்டுக்கும் போய்ப் பார்ப்பார்கள்.

அதனால் அங்கே எல்லாம் சரியாக இருக்கிறது என்று அவள் சொல்லவில்லை. ஒரு வீட்டுக்குக் கால் மணி நேரம்தான் ஒதுக்குகிறார்கள், அதற்குள் குளிப்பாட்டுவதா, பேசுவதா, சாப்பாடு ஊட்டுவதா என்று கேட்டாள். 2011-ல் அங்குள்ள சமத்துவ, மனித உரிமை ஆணையம் வீட்டுப் பராமரிப்பைப் பற்றி விசாரித்து வெளியிட்ட அறிக்கையில், சாப்பாடு தண்ணீர் கிடைக்காமல் போன முதியவர்களும், மானம் போகும்படி நடத்தப்பட்டவர்களும் இருந்தார்கள். பராமரிப்புத் தர ஆணையம் வந்து இரண்டு வருஷம் கழித்தும் அந்த நிலைமை. ஒன்று மட்டும் எனக்கு அதில் பிடித்தது. தப்பு நடந்தது என்று எழுதி வைக்க அங்கே ஒரு இடம் இருக்கிறது. அப்பாவின் பதினாறு மணி நேரம் எங்கேயும் எழுதப்படவில்லை.

சிஸ்டரம்மா சொன்னதைக் கேட்டு, அப்பாவுக்கு ராத்திரிக்கு இன்னொரு ஆள் வைத்தோம். உள்ளூரிலேயே, கோனேரிக்குப்பத்திலிருந்து சைக்கிளில் வருகிற ஒருவர். செலவு கூடியது. அண்ணி கூடுதலாக ஒரு பாவு எடுத்தார். பழைய வேட்டியை நாலாக மடித்து இடுப்புக்குக் கீழே விரித்து, இரண்டு பக்கமும் இரண்டு பேர் பிடித்து நகர்த்தினால் தோல் உராயாது, தூக்குகிறவர் முதுகும் போகாது என்று சிஸ்டரம்மா காட்டிக் கொடுத்தார். குதிகாலுக்கு அடியில் ஒன்றும் படாதபடி கெண்டைக்காலுக்குத் தலையணை. தறிக்காலில் ஒரு நோட்டைக் கட்டித் தொங்க விட்டார். எந்த மணிக்கு எந்தப் பக்கம் புரட்டியது, எத்தனை தம்ளர் தண்ணீர், மலம் போனதா, ஊசி எத்தனை யூனிட், யார் போட்டது. எழுதத் தெரியாவிட்டால் கோடு போடு, ஆனா செஞ்ச கையோட போடு, ராத்திரி உட்கார்ந்து மொத்தமா போடாதே என்று செய்யாற்று அம்மாவிடம் கண்டிப்பாகச் சொன்னார். ஒரே மையில் ஒரே சாய்வில் வரிசையாக விழுந்த கோடுகளைப் பார்த்தவுடனே அவருக்குத் தெரிந்துவிடும்.

கொஞ்ச நாளில் அப்பா கண் விழித்தார். கூப்பிட்டால் திரும்பினார். அந்தக் கருப்பு இடம் புண்ணாகாமலே ஆறியது.

இரண்டு ஆள் வைத்தால் மட்டும் போதாது என்பது அத்தை வீட்டில் தெரிந்தது. சின்ன காஞ்சிபுரத்தில், வரதராஜர் கோயிலுக்குப் பக்கத்தில் அந்த வீடு. அத்திவரதர் வெளியே வந்த வருஷம், 2019, ஜூலை 1-லிருந்து ஆகஸ்ட் 17 வரைக்கும் 48 நாள். 1979-க்கு அப்புறம் வந்த தரிசனம். ஒரு கோடிப் பேருக்கு மேல் வந்த கூட்டம். அத்தைக்கு இடுப்பெலும்பு முறிந்து படுக்கை. பகலுக்கு உத்திரமேரூரிலிருந்து பஸ்ஸில் வருகிற பெண் ஒருத்தி, ராத்திரிக்கு ஒருத்தி. பஸ்ஸையெல்லாம் ஊருக்கு வெளியே தற்காலிக நிலையங்களில் நிறுத்திவிட்டார்கள். அந்தப் பெண் அங்கிருந்து கூட்டத்தில் புகுந்து நடந்து வருவாள். கூட்டம் உச்சத்துக்குப் போன ஒரு நாள், ராத்திரி ஆள் காலையில் இன்சுலின் போட்டுவிட்டு, பகல் ஆள் வந்து இட்லி ஊட்டுவாள் என்று கிளம்பிவிட்டாள். அத்தை மகன் விடிவதற்கு முன்பே கடைக்குப் போயிருந்தான். பகல் ஆள் தடுப்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொண்டாள். ஊசி உடம்புக்குள் போய்விட்டது, சாப்பாடு போகவில்லை. பூ கொடுக்க வந்த அம்மா எட்டிப் பார்த்தபோது அத்தை வேர்த்து நனைந்து, சம்பந்தமில்லாமல் பேசிக்கொண்டிருந்தாராம். அந்தப் பூக்கார அம்மாவுக்கும் சர்க்கரை உண்டு, அதனால் சட்டென்று புரிந்து, சர்க்கரைத் தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகப் புகட்டியிருக்கிறார். அத்தை பிழைத்தது அப்படித்தான்.

ஏஜென்சியை அமர்த்தும்போது சம்பளம் கேட்கிறோம், லீவு நாள் கேட்கிறோம். வர வேண்டியவர் வராவிட்டால் எத்தனை மணிக்குள் யார் வருவார், அதுவரைக்கும் கிளம்ப வேண்டியவர் இருப்பாரா என்று யார் கேட்கிறார்கள்? காஞ்சிபுரத்தில் இது வருஷா வருஷம் வருகிற கேள்வி. வைகாசி கருட சேவையன்று எந்தத் தெருவில் வண்டி போகும்? நல்ல சேவை என்றால் திருவிழாத் தேதி அவர்கள் கையில் இருக்க வேண்டும். சாப்பாட்டுத் தட்டு கண்ணெதிரே வந்தபிறகுதான் ஊசி என்பது அவர்களுக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். ஆம்புலன்சுக்கு 108 என்பதோடு, முதியோர் உதவி எண் 14567 என்பதையும் கட்டிலுக்கு மேலே எழுதி ஒட்டியிருக்க வேண்டும்.

அத்திவரதர் வந்த அதே வருஷம் டிசம்பரில்தான் டெல்லியில் ஒரு மசோதா வந்தது. பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் 2007-லேயே இருக்கிறது. பிள்ளைகள் சோறு போடாவிட்டால் ஆர்.டி.ஓ.விடம் மனுக் கொடுக்கலாம் என்று நம் ஊரில் பலருக்கும் தெரியும். அதற்குத் திருத்தம் கொண்டுவந்து, வீட்டுக்கு ஆள் அனுப்புகிற நிறுவனங்களும் பதிவு செய்ய வேண்டும், அவற்றுக்குக் குறைந்தபட்சத் தரம் வேண்டும் என்று 2019-ல் மக்களவையில் மசோதா வைத்தார்கள். பேப்பரில் படித்துவிட்டு அண்ணனிடம் சத்தமாக வாசித்துக் காட்டினேன். நிலைக்குழுவுக்குப் போனது, அறிக்கையும் வந்தது. நிறைவேறவில்லை. 2024-ல் 17-ஆவது மக்களவை முடிந்தபோது அதுவும் காலாவதியாகிவிட்டது. அதை நினைத்தால் எனக்கு இப்போதும் மனசு ஆறவில்லை. தமிழ்நாட்டில் 2011 கணக்கெடுப்பிலேயே நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் அறுபதைத் தாண்டியவர்கள். 2031-ல் அது நூற்றுக்குப் பதினெட்டாகும் என்கிறது மக்கள்தொகை பற்றிய அரசுக் கணிப்பு. பிள்ளைகள் ஒரகடத்துக்கும் ஸ்ரீபெரும்புதூருக்கும் கம்பெனி பஸ் ஏறிப் போகிற ஊர் இது. பகலில் வீட்டில் கட்டிலும் ஏஜென்சி ஆளும்தான்.

சர்க்கார் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டேன். 2021 ஆகஸ்ட் 5-ந்தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் எங்கள் தெருவுக்கும் வந்தது. மகளிர் சுகாதாரத் தன்னார்வலர் பி.பி. மெஷினோடு திண்ணையில் வந்து உட்காருவார், மாத்திரை கொடுப்பார். படுக்கையில் கிடப்பவர்களுக்கென்று இயன்முறை மருத்துவரும் நோய்த்தணிப்புச் செவிலியரும் வீட்டுக்கே வருகிறார்கள். 2024-ல் ஐக்கிய நாடுகள் சபையின் விருது அந்தத் திட்டத்துக்குக் கிடைத்தபோது, வெயிலில் நடக்கிற அந்தப் பெண்களின் கால்களைத்தான் நினைத்துக்கொண்டேன். காரைப்பேட்டை புற்றுநோய் ஆஸ்பத்திரியிலிருந்து இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று அனுப்பப்பட்ட பெரியப்பா ஒருவரை அந்தச் செவிலியர் வந்து பார்த்தபோது நான் கூட இருந்தேன். வலி எப்படி இருக்கு என்று கேட்டுவிட்டு, அடுத்ததாகக் கடைசியா எப்போ வெளிய போனீங்க என்று கேட்டார். மார்பின் மாத்திரை மலத்தைக் கட்டும். அதற்கு மருந்து கொடுக்காமல் விட்டால் வலியைவிட அதுவே பெரிய வேதனையாகிவிடும். மாத்திரையைப் பூட்டி வைத்திருக்கிறீர்களா, எண்ணினீர்களா என்றும் கேட்டார். எனக்கு சிஸ்டரம்மா ஞாபகம் வந்துவிட்டது. அவர் அப்போது இல்லை.

ஆனால் அந்தச் செவிலியர் வருவது நோயாளியைப் பார்க்க. தனியார் ஏஜென்சி அனுப்பிய ஆள் சரியா, அவருக்குத் தூக்கம் உண்டா என்று கேட்க அவருக்கு அதிகாரமில்லை, கேட்டு எழுதிக்கொடுக்க ஒரு இடமும் இல்லை.

செய்யாற்று அம்மாவிடம் அப்புறம் நிறையப் பேசினேன். அவருடைய ஆதார் அட்டை அசலை ஏஜென்சி வாங்கி வைத்திருந்தது. நாங்கள் கொடுத்ததில் எவ்வளவு அவர் கைக்குப் போகிறது என்று கேட்டபோது சொன்ன தொகையைக் கேட்டு அண்ணி எழுந்து உள்ளே போய்விட்டார். இதற்கு முன் வேலை பார்த்த ஒரு வீட்டில் கதவுக்குத் தாழ்ப்பாளில்லாத இடத்தில் படுக்க வேண்டியிருந்ததையும், அந்த வீட்டு ஆண் ஒருவரால் பட்ட தொல்லையையும் ஒருநாள் கூந்தலை உலர்த்திக்கொண்டே சொன்னார். ஏஜென்சியிடம் சொன்னதற்கு அனுசரிச்சுப் போம்மா என்றார்களாம். 2013 சட்டப்படி ஒவ்வொரு மாவட்டத்திலும் உள்ளூர்ப் புகார்க் குழு இருக்க வேண்டும், வீட்டு வேலை செய்கிறவர்களும் அங்கே போகலாம். அவருக்கு யாரும் சொல்லவில்லை. வீட்டுப் பராமரிப்பைச் சோதிக்க வருகிறவர், வந்து பார்த்துக்கொள்கிற பெண் படுக்குமிடத்தில் தாழ்ப்பாள் இருக்கிறதா என்று பார்க்காவிட்டால் பாதி வேலைதான் செய்திருக்கிறார். அப்பாவின் நாக்கு வறண்டதற்குக் காரணம், கட்டிலுக்கும் தறிக்கும் நடுவில் விரித்த அந்தப் பாயில்தான் இருந்தது.

திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் குறைதீர் நாள். அதில் கொடுக்க ஒரு மனு எழுதி வைத்திருக்கிறேன், அண்ணனும் அத்தை மகனும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். டெல்லியில் சட்டம் வரும்போது வரட்டும். இந்த மாவட்டத்தில் வீட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிகளின் பெயரையாவது ஒரு பட்டியலாக எடுங்கள் என்று கேட்டிருக்கிறேன். அனுப்பப்படுகிறவர் என்ன படித்தவர், எந்த வேலையைத் தொடலாம், எதைத் தொடக் கூடாது என்று ஒரு தாளில் எழுதிக் குடும்பத்திடம் கொடுக்கச் சொல்லுங்கள். ஒரே ஆளை இரவும் பகலும் வைப்பதை நிறுத்துங்கள். ஓய்வு பெற்ற சிஸ்டர்கள் இந்த ஊரில் தெருவுக்கு ஒருவராவது இருப்பார்கள். அவர்களில் விருப்பமுள்ளவர்களுக்கு அடையாள அட்டையும் போக்குவரத்துச் செலவும் கொடுத்து, குடும்பத்தின் சம்மதத்தோடு, சொல்லிவிட்டு ஒருமுறையும் சொல்லாமல் ஒருமுறையும் போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். சொல்லாமல் போவது ராத்திரியாக இருக்கட்டும். படுத்திருப்பவரிடமும் பார்த்துக்கொள்கிறவரிடமும் தனித்தனியாகப் பேச வேண்டும் என்ற வரியை அடிக்கோடிட்டிருக்கிறேன். அவர்கள் எழுதிக் கொடுப்பதை வாங்கிப் படித்து, அந்த வாரத்துக்குள் ஏஜென்சியைக் கூப்பிட்டுக் கேட்க கலெக்டர் ஆபீஸில் ஒரு அலுவலரின் பெயரைச் சொல்லுங்கள் என்று முடித்திருக்கிறேன்.